ஆற்றுப்படையில் அயலார் உரை

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இருவேறு நோக்கத்தோடு அதனை அணுகியுள்ளனர். ஒரு சாரார் அதனைப் புரவலர் புகழ்பாடும் வாயிலாகக் கண்டனர். அவர்தம் கருத்தில் கரிகாலனும் நல்லியக்கோடனும் இளந்திரையனும் நன்னனுமே அப்பாட்டுகளின் தலைமக்கள். வழியிற் சந்திக்கும் இரவலர் இருவரும் அப்புகழைத் தாங்கிவரும் வெறுங்கருவிகள். மற்றொரு சாரார் நிலவியல் ஆராய்ச்சியினர். எயிற்பட்டினம் இன்று எவ்வூர், ஆமூர் எங்குள்ளது, நீர்ப்பெயற்று என்பது யாது என்றெல்லாம் ஆராய்ந்து பயன்மிக்க முடிவுகள் பலவற்றை அவர்கள் தந்துள்ளனர். உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த நாள்முதல் இவ்விரு வழியிலும் ஆராய்ச்சி வளர்ந்து வந்துள்ளது. அதன் பயனை நாம் குறைத்து மதித்தல் இயலாது.

ஆயினும் இவ்விரு சாராரும் ஒன்றைப் பின்னே விட்டுச் சென்றனர் என்று எமக்குத் தோன்றுகிறது. ஒருவரையொருவர் முன்பின் அறியாத இரு கூட்டத்தார் காட்டுவழியில் எதிர்ப்படுகின்றனர், அவர்களுள் ஒருவன் பேசுகிறான், மற்றவன் கேட்கிறான். பாட்டு முழுவதும் இப்பேச்சேயன்றி வேறன்று. மன்னனும் நாடும் மலையும் அப்பேச்சினுள் வருவனவே. இப்பேச்சு கேட்டவனை என்ன செய்தது என்னும் வினாவை எழுப்பாமல் ஆற்றுப்படையின் இயல்பை உணர்தல் அரிது. அவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தொல்காப்பியர் புறத்திணையியலில் பாடாண் திணையின் பகுதியாக இத்துறையைக் கூறுகிறார். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என நால்வரைச் சுட்டி, வழியிடைக் காணும் காட்சியையும், பெற்றவர் தாம் பெற்ற வளத்தைப் பெறாதவர்க்கு அறிவிப்பதையும், அவர்களும் சென்று பயன்கொள்ளுமாறு சொல்வதையும் அவர் குறிக்கின்றார். இவ்விலக்கணத்தில் கொடுப்பவன் நேரே கூறப்படவில்லை என்பது கருதத்தக்கது. பெற்றவரும் பெறாதவருமே கூறப்பட்டனர். கொடைக்கு முற்பட்டவனும் பிற்பட்டவனும் சந்திக்கும் இடமே துறையின் களம். கொடை நிகழ்ந்த அரண்மனை தொலைவில் உள்ளது.

பாட்டின் பெயர்களும் இதற்கு அரண் செய்கின்றன. பத்துப்பாட்டிலுள்ள ஐந்து ஆற்றுப்படைகளுள் திருமுருகாற்றுப்படை ஒன்றே, யாரிடம் செல்ல வேண்டுமோ அவர் பெயரால் வழங்குவது. ஏனைய நான்கும் கேட்போர் பெயரால் வழங்குகின்றன. கரிகாலனைப் பாடிய பாட்டு கரிகாலாற்றுப்படை ஆகாமல் பொருநராற்றுப்படை ஆயிற்று. மலைபடுகடாத்திற்கும் கூத்தராற்றுப்படை என்னும் பெயர் உண்டு. புரவலன் புகழே உயிர்நிலை என்றால், அவனை விட்டுவிட்டு, ஊர்பேர் தெரியாத இரவலன் ஒருவன் பெயரைப் பாட்டிற்கு இட்டது ஏன்? இதற்குப் பெயரிடும் மரபு என்று மட்டும் விடை கூறி அமைதல் போதாது. மரபுக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும்.

இனி, பேச்சு தொடங்கும் முறையை நோக்குவோம். நான்கு பாட்டுகளிலும் பேச்சைத் தொடங்குபவன் பெற்று மீள்பவனே. எதிரே வருபவன் எதனையும் கேட்கவில்லை. பொருநராற்றுப்படை 248 அடி, சிறுபாணாற்றுப்படை 269 அடி, பெரும்பாணாற்றுப்படை 500 அடி, மலைபடுகடாம் 583 அடி; ஆக 1600 அடிகளில் கேட்போன் வாய்திறந்து ஒரு சொல்லும் சொன்னதாக இல்லை. அவன் இரப்பதையே தொழிலாகக் கொண்டவன். ஆயினும் இவ்விடத்தில் அவன் இரக்கவில்லை. எதிர்பாராத ஒருவன் தானே நின்று, தானே அழைத்து, தானே சொல்கின்றான். இரந்து பெறுவது அவனுக்குப் பழகிய செயல். இரவாமல் ஒரு நற்சொல்லைப் பெறுவது பழகாதது.

பேசுபவன் பேசுமுன் பார்க்கிறான் என்பதும் குறிக்கத்தக்கது. அவன் கண் முதலிற் செல்வது எதிர்வருவோரின் யாழின்மீதும் விறலியரின் அடிகளின்மீதும். ஓடிக் களைத்த நாயின் நாக்கைப் போன்றவை அவ்வடிகள் என்னும் உவமை பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் வருகின்றது. உறுப்புநலன் பாடும் வருணனையாகவே இதனை வகுப்பில் நடத்திவிடுகிறோம். பொருநராற்றுப்படையில் அவ்வடியின் கொப்புளங்கள் மரற்பழத்துக்கு உவமிக்கப்படுகின்றன; பரற்கல் உறுத்திய வருத்தமும், நண்பகலில் நடத்தலைத் தவிர்க்கும் செயலும் சொல்லப்படுகின்றன. சிறுபாணாற்றுப்படையில் இளையர் அவ்வடிகளை மெல்ல வருடிக் கொடுக்கின்றனர். அழகை வருணிப்பவன் கொப்புளத்தை எண்ணுவானா? அவ்வழியே நடந்து தன் கூட்டத்தாரின் அடிகளிலும் அதே கொப்புளங்களைக் கண்ட ஒருவன் பார்வை அது. யாழையும் அடியையும் பார்த்தவுடன் இவர் யார், எங்கிருந்து வருகின்றனர், எத்துணைப் பசித்துள்ளனர் என்பன யாவும் அவனுக்கு விளங்கிவிடுகின்றன. கேட்கும் தேவை இல்லாமையால் அவன் கேட்பதில்லை.

அவன் சொல்லும் முதற்சொல் யாது? பொருநராற்றுப்படையில், அறியாமையால் வேறு வழியிற் சென்றுவிடாமல் நீ என் எதிரே வந்தது நீ முன்செய்த தவத்தின் பயன் என்கிறான். மலைபடுகடாத்தில், என்னை எதிர்ப்பட்டதால் நீங்கள் நல்ல புள் நிமித்தத்தோடுதான் புறப்பட்டிருக்க வேண்டும் என்கிறான். பரிசில் இன்னும் வெகுதொலைவில் உள்ளது.  ஆயினும் நற்பேறு வந்துவிட்டதாகவே பேசப்படுகின்றது. தவத்தின் பயன் என்று கூறப்பட்டது மன்னன் தரும் தேரோ பொற்றாமரையோ அன்று, எதிர்ப்பட்ட இச்சந்திப்பே என்பதைப் பாட்டின் சொல்லமைதி தெளிவாகக் காட்டுகின்றது. இதனை வெறும் முகமன் என்று தள்ளிவிடலாகாது. இருவேறு நாட்டில், இருவேறு காலத்தில், இருவேறு புரவலரைப் பாடிய இரு புலவர்கள் ஒரே கருத்தை ஒரே இடத்தில் வைத்தனர் எனின், துறையின் அமைப்பே அதனை வேண்டிற்று என்று கொள்ளுதல் தகும்.

அடுத்து அவன் தன் பழைய வறுமையைச் சொல்கிறான். ஆற்றுப்படையின் உயிர்நிலை இப்பகுதி என்பது எம் துணிபு. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையைத் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிவர். கண்திறவாத குட்டிகளுக்குப் பால் கொடுக்க மாட்டாமல் குரைக்கும் நாய், இற்று வீழ்ந்த கூரை, கறையான் அரித்த சுவர், முளைத்த காளான் என்று அது விரிகின்றது. பசியால் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அறியாமை உடையோர் பார்த்துவிடுவரே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். அடைத்தபின் சுற்றத்தோடு இருந்து உண்கிறாள். வறுமையின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாக இப்பகுதியைப் பலரும் கூறியுள்ளனர். அது சரியே. ஆனால் யார் இதனைச் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதை நினைந்து பார்த்தல் வேண்டும்.

அடைத்த கதவு அண்டை வீட்டாருக்காக அடைத்தது. நாள்தோறும் காண்பவர், பெயர் சொல்லி அழைப்பவர், நாளை ஏளனமாகப் பேசக்கூடியவர் ஆகிய அவர்களின் கண்ணுக்கு மறைத்த உப்பில்லாக் கீரையை, வழியிற் கண்ட அயலான் ஒருவனிடம் அவள் கணவன் எடுத்துரைக்கிறான். ஊராரிடம் மறைத்ததை ஊரறியாதவனிடம் திறக்கிறான். முரணாகத் தோன்றினாலும் மனித இயல்பில் ஆழ வேரூன்றிய உண்மை இது. அறிந்தவனிடம் சொன்ன சொல் ஊரில் நிலைத்து நிற்கும்; அயலானிடம் சொன்னது அவனோடு நடந்து போய்விடும். இக்காலத்தும் இரவுப் புகைவண்டியில் எதிர் இருக்கையில் அமர்ந்தவர், தம் மக்களிடமும் சொல்லாத கடனையும் நோயையும் நம்மிடம் சொல்லிவிட்டு விடியற்காலையில் பெயரும் சொல்லாமல் இறங்கிப் போவதை நாம் காண்கிறோம் அல்லவா? நத்தத்தனார் இவ்வியல்பை நன்கு அறிந்தவர். இன்னொன்றும் உண்டு. கேட்பவன் வீட்டிலும் அதே கீரைதான்; அங்கும் அதே கதவு அடைக்கப்பட்டிருக்கும். எதிரே நிற்பவன் யானையும் தேரும் பெற்று வருபவன். அவன் வீட்டுக் கதவும் ஒருநாள் அடைபட்டிருந்தது என்று கேட்கும்போது கேட்பவனுக்கு உண்டாகும் ஊக்கம், நல்லியக்கோடனின் கொடைச் சிறப்பை நூறு அடிகளிற் கேட்டாலும் உண்டாகாது. புகழ்ச்சி கொடுப்பவன் பெருமையைக் காட்டும். கேட்பவன் கால் மேலும் நடக்க வேண்டுமெனின் பெற்றவன் பழைய நிலையும் அவனுக்குத் தெரிதல் வேண்டும்.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் இதையே சற்று நகை கலந்து செய்கின்றார். ஈரும் பேனும் பற்றி, வியர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த கந்தையை உடுத்திருந்தவன் அப்பொருநன். கரிகாலன் அவைக்குச் சென்றபின், இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லை நிலத்தை உழுத கொழுவைப் போலத் தன் பற்கள் மழுங்கிவிட்டன என்று அவன் குறை சொல்லிக்கொள்கிறான்! பசித்தவன் முன்னே நின்று, உண்டு உண்டு பல் தேய்ந்தது என்று அலுத்துக்கொள்வது கொடுமை ஆகாதா என்று மாணவர் ஒருவர் ஒருமுறை வினவினார். நல்ல வினாவே. அவன் கந்தையை முதலிற் சொல்லிப் பல்லைப் பின்னர்ச் சொன்னான் என்பதே அதற்கு விடை. முறை மாறியிருந்தால் அது செருக்காக முடிந்திருக்கும். கந்தைக்குப்பின் வரும் பல்தேய்வு சிரிப்பை வருவிக்கின்றது; பசித்தவனும் உடன் சிரிக்கிறான். நெடுவழி நடப்பார்க்குச் சிரிப்பும் ஒருவகைக் கட்டுச்சோறு.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். ஆற்றுப்படை பாடியவர் பாணரோ பொருநரோ அல்லர், புலவர்கள். பாட்டு அரங்கேறியதாகக் கருதப்படும் இடம் காட்டுவழியன்று, புரவலன் அவை. எனவே வழியிடைச் சந்திப்பு என்பது புலவர் புனைந்த நாடகமே. கேட்பவன் மன்னனேயன்றி இரவலன் அல்லன். அவன் ஊக்கம் பெற்றான் என்பது பொருந்தாது என்று கூறலாம். 1968இல் வெளிவந்த, தமிழ் வீரநிலைப் பாடல் பற்றிய ஆங்கில நூலில் க. கைலாசபதி பாணர்தம் வாய்மொழி மரபை விரிவாக ஆராய்ந்த பிறகு, புலவர்க்கும் பாணர்க்கும் உள்ள உறவு முன்னினும் கூர்மையாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. அவ்விவாதம் எவ்வாறு முடியினும் நம் கருத்துக்கு ஊறில்லை. புனைவு என்பதை யாமும் உடன்படுகிறோம். ஆனால் புனைவுக்கும் ஓர் எல்லை உண்டு. கேட்போர் நம்பக்கூடியதையே புலவன் புனைய முடியும். வழியிற் கண்ட அயலான் நின்று பேசுவான், தன் கதையைச் சொல்வான், வழிகாட்டுவான் என்பது அக்கால மக்கள் வாழ்வில் நிகழாத ஒன்றாயின், மன்னன் அவையில் அது நகைப்புக்கிடமாகியிருக்கும். மேலும், மன்னனை நேரே நின்று புகழ எத்தனையோ துறைகள் இருக்கவும், இயன்மொழியும் வாழ்த்தும் இருக்கவும், இப்புலவர்கள் இவ்வளைந்த வழியைத் தேர்ந்தது ஏன்? புகழின் உண்மையை உரைத்துப் பார்க்கும் கல்லாக அயலான் உரையைக் கருதினர் என்பதே எம் விடை. அவையில் நின்று பாடுவோனுக்குப் பரிசில் வேண்டும். பரிசிலைப் பெற்றுக்கொண்டு காட்டுவழியிற் போகின்றவன், தன்னால் தனக்கு எப்பயனும் இல்லாத ஒருவனிடம் சொல்லும் சொல்லுக்கே நம்பகம் மிகுதி. மன்னனும் தன் புகழ் அவ்விடத்தில் எவ்வாறு பேசப்படுகின்றது என்று ஒட்டுக்கேட்கும் நிலையில் வைக்கப்படுகின்றான்.

மலைபடுகடாம் இத்துறையின் முதிர்ந்த கனி. பெருங்கௌசிகனார் தம் கூத்தனை, தான் சொல்லப்போவனவற்றை முன்னரே அடுக்கிக் கூறச் செய்கின்றார். அவ்வடுக்கில் முதலில் நிற்பது வழியின் அளவு, அடுத்தது தங்கி இளைப்பாறுதற்குரிய இடம், அடுத்தது உணவு. நன்னனின் முன்னோர் பெருமையும் அவன் வண்மையும் அவற்றின் பின்னரே வருகின்றன. இவ்வைப்புமுறை தற்செயலானதன்று. பின்னர் அக்கூத்தன் இடையூறுகளை ஒன்றும் மறையாது சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள்ளன, ஆதலின் இருளிற் செல்லாமல் விடிந்தபின் செல்க. தினைக்காவலர் எறியும் கவண்கல் விரைந்து வரும், மரங்களில் மறைந்து நீங்குக. பாம்புகள் உறையும் குழிகள் உள. பாசி படர்ந்து வழுக்கும் இடங்கள் உள, பற்றிக்கொண்டு செல்க என்று வழியெல்லாம் எச்சரிக்கை. ஊக்குவிப்போர் பலர் இடரை மறைத்து இன்பத்தையே கூறுவர். கேட்டவன் முதல் முள்ளிலேயே மனம் உடைவான். இக்கூத்தன் முள்ளையும் சொல்கிறான். முள்ளைத் தாண்டித் தான் வந்ததையும் தன் தோற்றத்தாற் காட்டுகிறான்.

குறிஞ்சிச் சிற்றூர்களை அடையும்போது எவ்வாறு நடக்க வேண்டும் என்று அவன் சொல்லும் அறிவுரையும் நுட்பமானது. நன்னனின் கூத்தர் நாங்கள் என்று சொல்லுங்கள். பிறகு உங்கள் வீட்டைப் போலவே வாயிலில் நில்லாது உள்ளே செல்லுங்கள். அவர்களும் உறவினர் போல அளவளாவி, நெடுந்தொலைவு நடந்த வருத்தம் நீங்குமாறு இனியவை பேசுவர் என்கிறான். ஊனும் தினைச்சோறும் அதன்பின்னரே வருகின்றன. உணவுக்கு முன்னே இன்சொல்லை வைத்தமை காண்க. வழிவருத்தத்தை நீக்குவது சோறு என்று கூறாமல் சொல் என்று கூறிய புலவர் நடந்தறிந்தவராதல் வேண்டும்.

இப்பாட்டில் மற்றோர் இடம் உண்டு. அதனை ஆய்வாளர் பலர் ஓரிரு சொல்லில் கடந்துவிடுகின்றனர். பல வழிகள் கூடும் கவர்த்த இடங்களில், முன் அறியாத நாட்டிற்குப் புதியவராய் வருவோர் மயங்குதல் கூடும். ஆதலால் அவ்விடத்தைத் துடைத்துச் சீர்செய்து, செல்லும் வழி விளங்கப் புல்லை முடிந்து வையுங்கள் என்று கூத்தன் கூறுகிறான். யாருக்காக? தமக்குப்பின் வருவோர்க்காக. அவர்கள் யாரென்று இவர்களுக்குத் தெரியாது, என்று வருவார் என்பதும் தெரியாது, காணப்போவதும் இல்லை. வாய்திறந்து பேச இயலாத இடத்தில் புல்முடிச்சு பேசுகின்றது. கேட்போனாக இருந்தவன் இங்குச் சொல்வோன் ஆகிவிடுகிறான். பரிசில் பெறும் முன்னரே, நன்னனைக் காணும் முன்னரே அவன் வழிகாட்டியாக மாறிவிட்டான். பெற்றவர் பெறாதவர்க்கு அறிவித்தல் என்னும் தொல்காப்பிய இலக்கணத்தைப் பெருங்கௌசிகனார் இவ்விடத்தில் ஒருபடி கடந்து நிற்கின்றார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

புறநானூற்றில் இக்கருத்தின் இருவேறு வடிவங்களைக் காணலாம். 141ஆம் பாட்டில் பரணர் காட்டும் பாணன், பேகனிடம் பொற்றாமரை பெற்றுத் திரும்புபவன். தேரைப் பூட்டு அவிழ்த்துவிட்டு, சொந்த ஊரில் இருப்பவன் போலக் காட்டின் நடுவே அமைதியாக அமர்ந்திருக்கிறான். பசித்த சுற்றத்தோடு வந்த இரவலன் ஒருவன், நீங்கள் யார் என்று கேட்கிறான். பேகனைக் காணுமுன் உன்னினும் தாழ்ந்திருந்தோம், இப்போது இவ்வாறு ஆனோம் என்பது விடை. உன்னைப் போல இருந்தோம் என்று கூறவில்லை. உன்னினும் தாழ்ந்திருந்தோம் என்றான். அந்த ஒரு சொல்லில் கேட்பவன் ஒருபடி மேலே ஏற்றி வைக்கப்படுகின்றான். தனக்கும் கீழே ஒருவன் இருந்தான், அவனே இன்று தேர் உடையவன் என்னும் எண்ணம் தரும் வலிமையைப் பரணர் மிகச் சுருங்கிய அளவிற் காட்டிவிட்டார்.

150ஆம் பாட்டு ஆற்றுப்படைத் துறையினது அன்று. வன்பரணர் நள்ளியைப் பாடியது. கந்தை உடுத்திப் பலாமரத்தடியில் தளர்ந்து கிடந்த தம்மிடம், வேட்டுவன் ஒருவன் வந்ததாக அவர் கூறுகின்றார். எழ முயன்றவரைக் கையமர்த்தி இருக்கச் செய்து, தன் இளையர் வந்து சேருமுன் தானே தீக்கடைந்து ஊனைச் சுட்டுச் சுற்றத்தோடு உண்ணுமாறு கொடுத்தான். பின்னர் மார்பின் ஆரத்தையும் முன்கைக் கடகத்தையும் கழற்றித் தந்தான். நாடு எது என்றதற்கு நாடு சொல்லவில்லை. பெயர் கேட்டதற்குப் பெயரும் சொல்லவில்லை. வழியிற் பிறர் சொல்லக் கேட்டே அவன் நள்ளி என்று புலவர் அறிந்தார். ஆற்றுப்படையின் வழிப்போக்கன் எல்லாவற்றையும் சொல்லி ஊக்குகிறான். இவன் ஒன்றும் சொல்லாமல் ஊக்குகிறான். பெயரைச் சொல்லியிருந்தால் அவன் புரவலன் ஆகிவிடுவான், இவர் இரவலர் ஆகிவிடுவார். சொல்லாத வரையில் இருவரும் காட்டில் எதிர்ப்பட்ட இரு மனிதர். புலவரும், பெயர் அறிந்தபின் பாடினாராயினும், பாட்டின் பெரும்பகுதியைப் பெயரறியாத பொழுதின் வியப்புக்கே ஒதுக்கியுள்ளார்.

திருமுருகாற்றுப்படையில் நிலை மாறுகின்றது. பத்துப்பாட்டின் ஏனைய பாட்டுகளுக்கு அது பிற்பட்டது என்று கருதுவோர் பலர். காலம் எதுவாயினும், அங்கே வழிகாட்டுபவன் தன் பழைய வறுமையைச் சொல்வதில்லை. அடியின் கொப்புளமும் இல்லை. அஞ்சாதே, உன் வரவை அறிவேன் என்னும் தேற்றச் சொல்லைப் பாட்டின் இறுதியில் முருகப்பெருமானே கூறுகின்றான். வழிப்போக்கன் வாயிலிருந்த சொல் இறைவன் வாய்க்கு உயர்ந்துவிட்டது. சமய நோக்கில் இது பெரும்பேறு. அயலார் இருவர் பேசும் துறையின் வளர்ச்சி என்ற நோக்கில் நமக்கு ஈண்டு வேண்டுவது இதில் அதிகம் இல்லை.

ஆற்றுப்படையின் இம்மரபை முற்றும் உணர்ந்து, அதனைத் தலைகீழாக்கிக் காட்டியவர் இளங்கோவடிகள். கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்த வழியெங்கும் அயலார் எதிர்ப்படுகின்றனர். எல்லாரும் நற்சொல் கூறுவாரல்லர். காவிரியின் தென்கரைச் சோலையில் எதிர்ப்பட்ட பரத்தையும் வறுமொழியாளனும் எள்ளி நகைத்துக் கவுந்தியடிகளின் சாபத்தால் நரியாகின்றனர். அயலார் பேச்சு எக்காலத்தும் இனிதே என்று கொள்வார்க்கு அடிகள் வைத்த முதல் எச்சரிக்கை இது. பின்னர் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை விரித்துரைக்கின்றான். வழியின் இடரையும் சொல்கிறான். அவன் காட்டிய பொய்கைகளின் பயனைக் கவுந்தி மறுக்கின்றார். ஆயினும் வழிகளைப் பற்றிய செய்தி பயன்படுகின்றது. இதுவரை ஆற்றுப்படை மரபே.

புறஞ்சேரி இறுத்த காதையில் அடிகள் செய்யும் மாற்றம் வியக்கத்தக்கது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார், இளந்திரையன் நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை, இடி இடியாது, பாம்பு கடியாது, காட்டு விலங்கும் துன்பம் செய்யாது, ஆதலின் களைத்த இடத்தில் இளைப்பாறி, விரும்பிய இடத்தில் தங்கிச் செல்க என்று ஊக்கினார். ஏறத்தாழ இதே சொற்பொருளைக் கோவலன் பாண்டியன் நாட்டைப்பற்றிக் கூறுகின்றான்: கரடியும் புலியும் பாம்பும் முதலையும் இடியும் தம்மைச் சார்ந்தவர்க்குத் துன்பம் செய்யாத செங்கோல் நாடு இது, ஆதலின் இரவில் நடப்போம் என்று. பாட்டின் மரபு அறிந்த கேட்போர்க்கு இது பழகிய உறுதிமொழி. அவ்வுறுதியிற் பொய் ஒன்றும் இல்லை. விலங்கும் பாம்பும் அவனைத் தீண்டவே இல்லை.

மாதவியின் ஓலையைக் கோசிகனிடம் கொடுத்துப் பெற்றோர்க்கு அனுப்பிய கோவலன், வழியிற் கண்ட பாணரோடு சென்று அமர்கின்றான். அவர்கள் யாழைத் தானும் வாசித்து, பண் ஒத்து இசைக்கக் கேட்டு மகிழ்ந்து, மதுரை இன்னும் எத்தனை காவதம் என்று வினவுகின்றான். தொடக்கத்திலிருந்து அவன் அடைந்த துன்பங்களுக்கிடையே மனம் நெகிழ்ந்த சில பொழுதுகளுள் இது ஒன்று. பாணர் காவதக் கணக்குச் சொல்லவில்லை. அகிலும் சாந்தும் குங்குமமும் மலரும், அடுக்களைப் புகையும், அங்காடியில் அப்பம் சுடுவோர் புகையும் கலந்த மதுரைத் தென்றல் இதோ இங்கே வந்துவிட்டதே. ஊர் தொலைவில் இல்லை. நீர் தனியே சென்றாலும் தடுப்பார் இல்லை என்றனர். இன்றும் நம் சிற்றூர்களில் வழி கேட்டால், நான்கு கல் தொலைவையும் கூப்பிடு தூரம் என்றே சொல்வர். அது அளவன்று, நடப்பவனுக்குத் தரும் ஊன்றுகோல். அப்பாணர் சொன்னதும் அத்தகைய ஊன்றுகோலே.

ஆற்றுப்படைப் பாணனுக்கும் இப்பாணர்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே உன்னிப்பாகக் காணுதல் வேண்டும். முன்னவன் தான் பெற்ற யானையையும் தேரையும் சான்றாகக் காட்டினான். அதற்கு முன் தன் கந்தையைக் காட்டினான். வழியின் பொறியையும் பாம்பையும் சொன்னான். இவர்கள் காற்றை மட்டுமே காட்டினர். தம் கதை ஒன்றும் சொல்லவில்லை. கோவலன் கதையையும் கேட்கவில்லை. அவன் யாழ் தேர்ந்தவன் என்பது ஒன்றே அவர்கள் அறிந்தது. பரிசில் வேண்டிச் செல்பவன் அல்லன், சிலம்பு விற்கச் செல்பவன் என்பது அவர்கள் அறியாதது. நல்லெண்ணத்தில் அவர்கள் குறைந்தவர் அல்லர். தடுப்பார் இல்லை என்றது வாயிலைப் பொறுத்தவரை முற்றும் உண்மை. கோவலன் தடையின்றியே மதுரைக்குள் சென்றான்.